தண்ணீர் இழுத்த மூன்றாம் நாள்

மார்கழியில் ஒரு நாள், விடிந்தும் விடியாத நேரம். சின்ன மாமா போனில் கோல் எடுத்தார்.

"மகள், ராவு முகத்துவாரம் வெட்டிட்டாங்களாம். தண்ணி இழுக்கத் தொடங்கிட்டு. உன்ட குருவியெல்லாம் இனித்தான் வரும்."

அதற்கு முன்னர் இரண்டு வருடமாக நான் பறவை பார்த்துக்கொண்டிருந்தேன். பைனாகுலர் இருந்தது. படம் போட்ட புத்தகம் இருந்தது. போனில் செயலியும் இருந்தது. ஞாயிறு காலையில் மட்டக்களப்பு வாவியின் ஏதோ ஒரு கரைக்குப் போய் நிற்பேன். சில நாள் கரை முழுக்கப் பறவையாய் இருக்கும். சில நாள் நாலு கொக்கும் ஒரு நீர்க்காகமும்தான். ஏன் என்று தெரியாது. 'இன்று ஒன்றும் இல்லை' என்று கொப்பியில் எழுதிவிட்டு வருவேன். பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறவள் நான், ஆனால் காரணத்தைத் தேட வேண்டும் என்று அந்த இரண்டு வருடமும் எனக்குத் தோன்றவேயில்லை.

மாமாவுக்குக் காரணம் தெரிந்திருந்தது. நாற்பது வருடத்துக்கு மேல் இதே வாவியில் வலை வீசுகிற மனிதர். நான் கேட்கவில்லை, அதனால் அவரும் சொல்லவில்லை.

வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளம். இவ்வளவு பெரிய நீர் கடலோடு சேர்வது இரண்டு இடத்தில்தான்: வடக்கே பாலமீன்மடுப் பக்கம் முகத்துவாரம், தெற்கே கல்லாறு. மழையில்லாத மாதங்களில் அலை மணலைத் தள்ளித் தள்ளி வாயை அடைத்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்தால் மேற்கேயிருந்து வருகிற வெள்ளமெல்லாம் வாவிக்குள்தான் இறங்கும். வெளியே போக வழியில்லாமல் நீர் ஏறி, கரையோர வட்டைகளை, அதாவது வயல்வெளிகளை, மூடும். அப்போது மண் தோண்டுகிற பெக்கோ இயந்திரத்தைக் கொண்டுவந்து மணல்மேட்டை வெட்டிவிடுவார்கள். வேளாண்மைக்காரருக்கு அது நேரத்தோடு வெட்டப்பட வேண்டும், பயிர் அழுகக் கூடாது. மீன்பிடிக்கிறவர்களுக்கு இறால் பெருக்கும்வரை கொஞ்சம் பொறுக்க வேண்டும். மாரிக்கு மாரி இந்த இழுபறி உண்டு. இரண்டு பக்கத்திலும் என் சொந்தக்காரர் இருக்கிறார்கள், இரண்டு பேரின் கவலையும் எனக்கு விளங்கும்.

கோல் வந்த அன்றைக்கே ஓடத்தான் பார்த்தேன். மாமா விடவில்லை. "அவசரப்படாத மகள். ரெண்டு நாள் போகட்டும். சேறு தெரியணும். சேறு தெரிஞ்சாத்தான் அதுகளுக்குச் சாப்பாடு."

மூன்றாம் நாள் காலை வலையிறவுப் பக்கம் போனோம். போன கிழமை முழங்காலளவு தண்ணீர் நின்ற இடம் முழுக்க ஈரச் சேறாக மினுங்கிக்கொண்டு கிடந்தது. அந்தச் சேற்றில் அன்றைக்குக் கண்ட ஒழுங்கைத்தான் இன்றைக்கும் எனக்குத் தெரிந்த முதல் பாடமாகச் சொல்வேன்.

கரையோரம், தண்ணீர் ஒரு தோல் மாதிரிப் படர்ந்திருந்த இடத்தில், கொசு உள்ளான்கள். சிட்டுக்குருவியளவு உடம்பு. அம்மி கொத்துகிறவரின் உளி மாதிரி விடாமல் கொத்திக்கொண்டே ஓடின. அவற்றுக்கு அப்பால், விரலளவு தண்ணீரில், கொஞ்சம் உயரமான உள்ளான்கள். அதற்கும் அப்பால் பவளக்கால் உள்ளான், சிவந்த நீண்ட கால் பாதி மூழ்க நின்று மேல் நீரிலிருந்து பூச்சி பொறுக்கியது. பிறகு கருவால் மூக்கன்கள், வயிறு நனைய நின்று, கண்வரைக்கும் அலகைச் சேற்றில் இறக்கி எடுத்தன. அவற்றின் பின்னால் மஞ்சள் மூக்கு நாரைகள். கடைசியாக, கால் எட்டாத ஆழத்தில், கூழைக்கடாக்களும் நீர்க்காகங்களும். ஓவியர் ஒருவர் கோடு கோடாகப் பிரித்து வைத்த மாதிரி இருந்தது. காலின் நீளமும் அலகின் நீளமும்தான் அந்தக் கோடுகளைப் போட்டிருந்தன. தண்ணீர் ஒரு சாண் ஏறினால் முதல் இரண்டு வரிசைக்கும் இங்கே இடமில்லை, வேறெங்காவது போய்விடும். நான் அதிர்ஷ்டம் என்று நினைத்திருந்தது அந்த ஒரு சாண்தான்.

மஞ்சள் மூக்கு நாரை ஒன்றை மட்டும் அரை மணித்தியாலம் பார்த்தேன். அலகைக் கொஞ்சம் திறந்து நீருக்குள் வைத்தபடி, தலையை இடமும் வலமுமாக ஆட்டி ஆட்டி நடந்தது. ஒரு காலால் சேற்றைக் கிளறியது. நீர் கலங்கி, அதன் கண்ணுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது, தெரியத் தேவையும் இல்லை. மீன் அலகில் பட்டதும் அலகு மூடிக்கொள்கிறது. "நாங்களும் இப்பிடித்தான் கால் வச்சு இறால் தேடுற" என்றார் மாமா.

அந்தக் கிழமையே மாமா தோணி கட்டுகிற கம்பில், சேற்று மட்டத்திலிருந்து சாணுக்கு ஒன்றாக ஐந்து நைலோன் முடிச்சுக் கட்டினேன். அதன் பிறகு கொப்பியில் முதல் வரி எப்போதும் தண்ணீர்தான், பறவை அதற்குப் பிறகு. 'இரண்டாம் முடிச்சுக்குக் கீழ்' என்று எழுதிய நாட்களில் சின்ன உள்ளான்கள் இருக்கும். மூன்றாம் முடிச்சு என்றால் நெடுங்கால்காரர் மட்டும். நாலு, ஐந்து என்றால் நீர்க்காகம், முக்குளிப்பான், மேலே பறக்கிற ஆலா. இந்தக் கணக்கு அந்தக் கம்புக்கும் அந்தத் துறைக்கும் மட்டும் பொருந்தும். உங்கள் ஊர்க் களப்புக்கு உங்கள் கம்பு வேண்டும். செலவு ஒரு துண்டுக் கயிறுதான்.

தண்ணீர் ஏறிய நாட்களில் உள்ளான் எங்கே போகிறது என்று தேடினேன். கொஞ்சம் வட்டைக்குள், இளம் பயிருக்கு நடுவில். கொஞ்சம் குளக்கட்டோரம். அங்கே போவதற்கும் ஒரு முறை உண்டு. புதிதாகக் கட்டிய வரம்பில் மிதித்தால் உடையும், ஓரிடம் உடைந்தால் ஒருவரின் தண்ணீர் போய்விடும். காவல் வாடியில் இருக்கிறவரிடம் கேட்டுவிட்டுத்தான் இறங்குவேன். ஒருமுறை வயலுக்குச் சொந்தக்காரரான ஒரு போடியார், நான் கேட்டதற்காகவே கூட வந்து, நத்தைகுத்தி நாரை நத்தையை ஓட்டிலிருந்து உருவி எடுப்பதைக் காட்டித் தந்தார். "எங்கட பயிருக்கு இது காவல்காரன், டீச்சர்" என்றார். உழவுக் காலத்தில் அதே வட்டையில் உழவு மிசினுக்குப் பின்னால் கொக்கும் மீசை ஆலாவும் ஒரு கூட்டமாகத் தொடரும். வெள்ளையாய் ஒரு திரை அசைகிற மாதிரி இருக்கும். ஐந்து மீற்றர் தூரத்தில் நின்று பார்க்கலாம், மிசினுக்குப் பழகிய பறவை மனிதரைக் கணக்கெடுக்காது.

அடுத்தது வெளிச்சம். இதைச் சொல்லித் தந்ததும் மாமாதான்.

எங்கள் ஊரில் வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. சூரியன் எழுகிற கரை, படுகிற கரை. பிறந்த நாளிலிருந்து சொல்லிவரும் சொல்தான். ஆனாலும் நான் காலையில் படுவான்கரைக்குப் போய்க் கிழக்கே பார்த்துக்கொண்டு நிற்பேன். சூரியன் நேரே கண்ணில். பறவையெல்லாம் கறுப்பு உருவம். ஒருநாள் மாமா, "சூரியனை முதுகில வை மகள், முகத்தில வைக்காத" என்றார். காலையில் எழுவான்கரையில் நின்று மேற்கே பார், பின்னேரம் படுவான்கரையில் நின்று கிழக்கே பார். ஒவ்வொரு இறகின் நிறமும் தனித்தனியாகத் தெரியும். காலை ஒன்பது மணி தாண்டினால் எந்தக் கரையானாலும் கானல் எழும்பும், தூரத்துப் பறவை ஆடத் தொடங்கும். அதோடு வீட்டுக்குப் போவதுதான் நல்லது.

வெளிச்சம் பிழைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு என்னிடம் ஒரு அனுபவம் உண்டு. ஒரு விடியற்காலை, தூரத்தில், இளஞ்சிவப்பாக முப்பது நாற்பது பெரிய பறவைகள். பூநாரை என்று முடிவுகட்டி நண்பர்களுக்குச் சொல்லிவிட்டேன். மூன்று பேர் வேலையை விட்டுவிட்டு ஓடிவந்தார்கள். வெயில் ஏறியதும் பார்த்தால் மஞ்சள் மூக்கு நாரைகள். அவற்றின் பின் இறகில் உண்மையாகவே ஒரு ரோசா நிறம் இருக்கிறது, மிச்சத்தை விடியல் பூசியிருந்தது. அன்றிலிருந்து நிறத்தை நான் கடைசியாகத்தான் பார்க்கிறேன். முதலில் அலகு: நேரா, வளைவா, கரண்டியா. பிறகு அது என்ன செய்கிறது என்பது. பூநாரை தலையைக் கவிழ்த்துப் போட்டு அலகின் மேல்பக்கம் கீழே வர நீரை வடிக்கும். நாரை அப்படி ஒருக்காலும் செய்யாது. ஆலாக்களிலும் இதே வழி உதவும். மீசை ஆலா நீர்மட்டத்தைத் தொட்டும் தொடாமலும் கொத்திக்கொண்டு போகும். சின்ன ஆலா ஒரே இடத்தில் சிறகடித்து நின்றுவிட்டுக் கல் விழுகிற மாதிரித் தலைகீழாய் விழும்.

மாமாவுக்கு இந்தப் பெயர்கள் கிடையாது. சேற்றில் ஓடுகிற எல்லாம் அவருக்கு உள்ளான். ஆனால் எந்த உள்ளான் மழைக்கு முதல் வரும், எது கடைசியாகப் போகும், எது ராவில் கத்தும் என்று அவர் சொன்னவை எல்லாம் பிறகு என் கொப்பியில் சரியாக வந்தன. புத்தகம் பிரித்துக் காட்டுகிறது, அவர் சேர்த்துக் காட்டுகிறார். இரண்டும் எனக்கு வேண்டும்.

கரையில் நிற்பதை விட எனக்குப் பிடித்த இடம் பாதை. வெளியூர்க்காரருக்குப் பாதை என்றால் ரோட்டு. எங்களுக்கு அது ஆட்களையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கிற மிதவை. மண்முனையில் 2014இல் பாலம் வரும்வரை அங்கேயும் பாதைதான். நான் பறவைக்காகப் போய்ப் பழகியது குருமன்வெளியிலிருந்து மண்டூருக்குப் போகிற பாதையில். மெதுவாகப் போகும், நீர்மட்டத்தோடு இருக்கும், நாளாந்தம் அதே வழியில் போய்வருவதால் பறவை பயப்படாது. கரையிலிருந்து பார்த்தால் நூறு மீற்றருக்கு அப்பால் பறந்துவிடுகிற நீர்க்காகம், பாதைக்குப் பத்து மீற்றரில் கம்பில் இருந்து சிறகை விரித்துக் காயவிடும். மண்டூர் முருகனுக்குக் கும்பிடப் போகிற ஆச்சிமாரின் நடுவில் பைனாகுலரோடு நிற்க முதலில் வெட்கமாக இருந்தது. ஒரு ஆச்சி வாங்கிப் பார்த்தார். செம்பருந்து ஒன்று மீனோடு திரும்பியது. "என்ர கடவுளே, கண்ணு முழி தெரியுதுகா!" என்று பாதையே திரும்பிப் பார்க்கச் சொன்னார். பிறகு எனக்கு வெட்கம் வந்ததில்லை.

பைனாகுலரைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். யுத்த காலத்தில், 2007 வரைக்கும், இந்த வாவியின் இரண்டு கரையும் இரண்டு ஆட்சியாக இருந்தன: எழுவான்கரை அரசிடம், படுவான்கரை புலிகளிடம். நடுவில் வவுணதீவுச் சோதனைச்சாவடியைக் கடப்பதென்றால் இறங்கி, நடந்து, பையைத் திறந்து காட்ட வேண்டும். அந்தக் காலத்தில் யாராவது இப்படி ஒன்றைக் கண்ணில் வைத்து அக்கரையைப் பார்த்திருந்தால் உயிர் மிஞ்சியிருக்காது. எங்கள் தலைமுறைக்குப் பறவை பார்க்கத் தெரியாமல் போனது ஆர்வமில்லாததால் அல்ல. இப்போதும் அடையாள அட்டை இல்லாமல் நான் போவதில்லை. முகாம், காவலரண், பாலத்தின் காவல் இடம் இருக்கிற பக்கம் கண்ணாடியைத் திருப்புவதில்லை. ஒருமுறை நிறுத்தி விசாரித்தபோது கொப்பியைத் திறந்து நான் வரைந்திருந்த கொக்குப் படத்தைக் காட்டினேன். அந்த இளம் சிப்பாய் தன்னுடைய ஊர்க் குளத்துப் பறவையின் பெயரைச் சிங்களத்தில் சொல்லிவிட்டுப் போகச் சொன்னார்.

இனி அம்பாறைக் கரையோரம். என்னை அதிகம் மாற்றிய அரை மணித்தியாலம் அங்கேதான் நடந்தது.

2024 வைகாசி. பொத்துவிலுக்குத் தெற்கே ஒரு களப்பின் மணல்வாய். அக்காவின் மகளும் நானும் காய்ந்த வெள்ளை மணலில் நடந்துகொண்டிருந்தோம். முன்னால் ஒரு சின்ன உப்புக்கொத்தி, மணல் நிறம், வெள்ளை வயிறு. ஒரு சிறகைத் தரையில் இழுத்துக்கொண்டு நொண்டி நொண்டிப் போனது. "சித்தி, அடிபட்டிட்டுப் போல" என்றாள் அவள். நான் கமராவோடு பின்னால் போனேன். நாங்கள் நெருங்க நெருங்க அது இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய்த் துடித்தது. இருபது முப்பது அடி போயிருப்போம். சட்டென்று நல்ல சிறகோடு எழும்பிப் பறந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. திரும்பி வந்த வழியைப் பார்த்தேன். என் குதிக்கால் தடத்திலிருந்து ஒரு சாண் தூரத்தில், சின்னக் குழியில், மூன்று முட்டை. மணலின் நிறத்தில், கறுப்புப் பேனையால் கிறுக்கிய மாதிரி. கூடு என்று சொல்ல ஒரு துரும்பு கூட இல்லை, நாலைந்து சிப்பித் துண்டுகள் மட்டும்.

வந்த தடத்திலேயே கால் வைத்துப் பின்வாங்கி, தூரத்துத் தாழம்பற்றை நிழலில் போய் இருந்தோம். மணி பத்து. கைவைத்தால் மணல் சுட்டது. முட்டை வெயிலில் கிடந்தது. பறவை எங்களைச் சுற்றி ஓடியது, நின்றது, மீண்டும் ஓடியது, கிட்டப் போகவில்லை. நாங்கள் இருந்த இடமும் அதற்குக் கிட்டத்தான் என்று விளங்கி இன்னும் பின்னால் போனோம். போனில் பார்த்துக்கொண்டிருந்தேன், பதினொரு நிமிடம் கழித்து வந்து, முட்டைக்கு மேலே கால் மடக்காமல் நின்று, இறகை விரித்து நிழல் கொடுத்தது. பிள்ளை அழுதுகொண்டிருந்தாள். அடை என்றால் சூடு கொடுப்பது என்றுதான் நான் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். இந்தக் கரையில் அடை என்பது குளிர்ச்சி கொடுப்பது.

இந்தப் பறவையை 2023இல்தான் தனி இனம் என்று பிரித்து, இலங்கைக்கும் தென்னிந்தியாவுக்கும் இடையே பாலம் கட்ட உதவிய அனுமனின் பெயரை வைத்தார்கள். பெயர் வந்துவிட்டது, கரை குறைந்துகொண்டு வருகிறது. ஆகவே சொல்கிறேன்: சித்திரை தொடங்கி ஆவணி வரைக்கும் கடற்கரையில் நடப்பதென்றால் அலை தொடுகிற ஈர மணலில் நடவுங்கள், மேலே காய்ந்த மணலில் வேண்டாம். வாகனத்தை அங்கே இறக்கவே வேண்டாம். ஒரு பறவை நொண்டினால் அதன் பின்னால் போகாதீர்கள், நின்ற இடத்தில் நின்று காலடியைப் பாருங்கள். முட்டையைக் கண்டால் படம் எடுக்க நிற்க வேண்டாம். நீங்கள் நிற்கும் இடத்தைக் காகம் பார்த்துக்கொண்டிருக்கும், உங்கள் தடத்தில் நாய் வரும். இடத்தின் பெயரையும் எங்கேயும் போடாதீர்கள். நான் மேலே எந்தக் களப்பு என்று எழுதாததற்குக் காரணம் அதுதான்.

குமண பற்றிக் கேட்பவர்கள் அதிகம். கதிர்காமத்துக்குக் கால்நடையாகப் போகிற யாத்திரைக்காரர் கூமுனை என்று சொல்லும் அதே இடம். 1938இலேயே பறவைகள் சரணாலயம். யுத்தத்தால் 1985 முதல் 2003 வரை மூடிக் கிடந்தது. 2010இல் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. பொத்துவிலிலிருந்து பாணமை வழியாக உகந்தைக்குப் போனால் முருகன் கோயிலுக்குப் பக்கத்திலேயே நுழைவாயில். உள்ளே ஏறத்தாழ 200 ஹெக்ரயரில் கண்டல் மரங்கள் சூழ்ந்த குமண வில்லு என்ற ஆழமில்லாத நீர்நிலை. கும்புக்கன் ஓயாவிலிருந்து ஒரு ஒடுக்கமான வாய்க்கால் வழியாக அதற்குத் தண்ணீர் வருகிறது.

நான் முதலில் போனது தை மாதம். கூடுகளைப் பார்க்கிற ஆசையோடு போய்க் கூடே காணாமல் வந்தேன். தை மாதம் அங்கே ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் போன்ற வலசைப் பறவைகளின் காலம். நாரையும் கொக்கும் கரண்டிவாயனும் கூட்டமாகக் கூடு கட்டுவதைப் பார்க்க வைகாசி, ஆனியில் போக வேண்டும். இரண்டையும் ஒரே பயணத்தில் பார்க்க முடியாது, முதலிலேயே எது வேண்டும் என்று முடிவெடுங்கள்.

இரண்டாவது முறை ஆனியில் போனேன். மரமே தெரியாமல் கூடு. குஞ்சுகளின் இரைச்சல் சந்தைக்கூட்டம் மாதிரி. எங்கள் ஜீப் சாரதி எங்களுக்கு நல்ல படம் கிடைக்கட்டும் என்று கரைக்கு ஒட்டிப் போய் ஹோர்ன் அடித்தார். வில்லே எழும்பியது. நூற்றுக்கணக்கில் வெள்ளைச் சிறகு. வாகனத்தில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். அந்த இடைவெளியில் மூன்று காகங்கள் கண்டல் மரத்துக்குள் இறங்கின. ஒன்று எதையோ கவ்விக்கொண்டு வெளியே வந்ததைப் பைனாகுலரில் நான் பார்த்தேன். அன்றைக்கு வாய் திறக்கவில்லை. அதை இன்றும் நினைத்து வருந்துகிறேன்.

அதன் பிறகு காசு பேசும்போதே மூன்று விஷயம் சொல்லிவிடுகிறேன்: வில்லுக்குத் தூரத்திலேயே என்ஜினை நிறுத்த வேண்டும், எதையும் எழுப்பக் கூடாது, சிறுத்தையைத் தேடி ஓடத் தேவையில்லை. சாரதிமார் சந்தோசமாக ஒத்துக்கொள்கிறார்கள். ஒருவர் சொன்னார், "ஒண்டும் காட்டல்ல எண்டு ஆக்கள் ஏசுறதாலதான் நாங்க ஓடுற, அக்கா. இருந்து பாக்கிற ஆக்கள் வந்தா எங்களுக்கும் நிம்மதி." அன்றைக்கு ஒரே இடத்தில் நாற்பது நிமிடம் நின்றோம். அவர் தன் மகனுக்கு என்று போனில் செந்நாரையைப் படமெடுத்தார்.

உபகரணம் பற்றிச் சுருக்கமாக. 8 பெருக்கம், 42 மில்லிமீற்றர் வாய் உள்ள பைனாகுலர் வாவிக்குப் போதும். 10 பெருக்கம் கடற்காற்றில் கையில் ஆடும். வாங்குவதை விட அதைக் காப்பதுதான் இங்கே கஷ்டம். என் முதல் கண்ணாடி ஒரே மாரியில் உள்ளே பூஞ்சணம் பிடித்துப் போனது. இப்போது காற்றுப் புகாத டப்பாவில், மருந்துப் போத்தல்களில் வருகிற சிலிக்கா பொட்டலங்களைச் சேர்த்துப் போட்டு வைக்கிறேன். கடற்கரையிலிருந்து வந்ததும் சேலைத் தலைப்பால் துடைக்காதீர்கள், உப்பும் மணலும் கண்ணாடியைக் கீறிவிடும். முதலில் ஊதி, பிறகு மெல்லிய துணி.

வாவியில் முதலை இருக்கிறது. கரைப்புல்லுக்குள் கால் நனைய நிற்கக் கூடாது, பிள்ளைகளோடு போனால் அதை ஒரு விதியாகவே வைக்க வேண்டும். படுவான்கரையில் யானை இறங்கும் ஊர்களில் பொழுதுபடுமுன் ரோட்டுக்கு வந்துவிட வேண்டும். எவ்வளவு நல்ல வெளிச்சமானாலும் சரி. மறைந்து இருக்கவென்று கரையோர மரக்கொப்பை முறிக்க வேண்டாம். தில்லை மரத்துப் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. பெண்கள் தனியாக விடியற்காலையில் போவது பற்றிக் கேட்கிறார்கள். நான் துறையில் வலைக்காரர் வந்துவிட்ட பிறகுதான் போவேன். அவர்களிடம் பேசிப் பழகியது எனக்குப் பாதுகாப்பும் ஆயிற்று, படிப்பும் ஆயிற்று.

போன தையில் எட்டு மாணவரைக் கூட்டிக்கொண்டு போனேன். தை மாதத்தில் ஆசிய நாடுகள் எங்கும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கும், 1987 முதல் நடக்கிறது. நாங்களும் அந்த நாட்களில் எங்கள் கொப்பிக்கென்று எண்ணிப் பார்த்தோம். ஒரே ஒரு பைனாகுலர். முதலில் எல்லாரும் மனக்கணக்கில் ஒரு எண் சொல்ல வேண்டும் என்றேன். இருநூறு, முந்நூறு என்றார்கள். பிறகு பத்துப் பறவையை மட்டும் ஒவ்வொன்றாக எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று பார்த்து, அந்த அளவைக் கூட்டம் முழுக்க வைத்து அளந்தார்கள். அறுநூற்றி நாற்பது. எல்லாரும் குறைத்துத்தான் சொல்லியிருந்தார்கள், நானும்தான். கூட்டம் பெரிதானால் கண் குறைத்தே எண்ணும். கடைசி வாங்கில் இருந்து வாயே திறக்காத ஒரு பொடியன், கூட்டத்தில் ஒன்று மட்டும் ஒற்றைக்காலில் நொண்டாமல் தத்துகிறது என்று காட்டினான். கால் ஒன்று இல்லாத உள்ளான். சைபீரியாவின் வட அந்தத்திலிருந்து ஒரு காலோடு வந்ததா, இங்கே வலையில் போனதா, தெரியவில்லை. அவன் அதற்குப் பிறகு ஒவ்வொரு கிழமையும் "ஒத்தக்கால் நிக்குதா, டீச்சர்?" என்று கேட்டான். மாசி கடைசிவரை நின்றது.

சித்திரையில் பொன் உப்புக்கொத்திகள் உருமாறும். மாரி முழுக்க மங்கலாக நின்றவை, கழுத்திலும் வயிற்றிலும் கரி பூசிய மாதிரிக் கறுத்து, முதுகில் பொன் பொட்டு வைத்துக்கொள்ளும். ஒரு பின்னேரம் படுவான்கரையில் நின்றிருந்தோம், மாமாவும் நானும். நாள் முழுக்கத் தின்றவை தின்னாமல் நின்றன. ஒன்று கூவியது, இன்னொன்று பதில் சொன்னது. பொழுது சாய்ந்த நேரம் ஒரு நாற்பது எழும்பி, எங்களுக்கு மேலே ஒருதரம் சுற்றி, உயர்ந்து, வடக்கே போயின. மாமா தோளில் கிடந்த துவாயை எடுத்து முகம் துடைத்தார்.

"இனி மழைக்குத்தான்" என்றார்.

மறுநாள் காலை துறைக்குப் போய்க் கம்பைப் பார்த்தேன். கொப்பியில் இப்படி இருக்கிறது: தண்ணீர், முதலாம் முடிச்சுக்குக் கீழ். சேறு, நன்றாகத் தெரிகிறது. உள்ளான், இல்லை.